ஆறுமணிக் குருவியும் அந்தி மணியோசையும்

மாசி மாதம் பிறந்து சில நாட்கள் சென்றதும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வானம் தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. ஐப்பசியில் தொடங்கிய மாரி மழை ஓய்ந்து, தைப்பனியும் மெல்லக் குறைந்து, காலை வெயில் இதமாகவும் மாலைக் காற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்கும் சில வாரங்கள் நமக்குக் கிடைக்கின்றன. சித்திரைக் கொடுவெயிலுக்கு முன்னர் வரும் இக்குறுகிய காலத்தை நம் முன்னோர் பின்பனிக்காலம் என வகுத்தனர். ஆனால் மரங்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. மாவும் வேம்பும் முருக்கும் இப்போதே இளவேனிலைத் தொடங்கிவிடுகின்றன.

இதே வாரங்களில்தான் திருச்சபை நம்மைத் தவக்காலத்துக்குள் அழைத்துச் செல்கிறது. தவக்காலத்தைக் குறிக்கும் 'லென்ற்' என்ற ஆங்கிலச் சொல், பழைய ஆங்கிலத்தில் இளவேனிலைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. பகற்பொழுது நீண்டுகொண்டு போகும் பருவம் என்பதே அதன் அடிப்பொருளாகக் கருதப்படுகிறது. நம் நாட்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரமே வேறுபாடு. எனினும் மாசியிலும் பங்குனியிலும் மாலை வெளிச்சம் முற்றத்தில் சற்றுக் கூடுதலாகத் தங்கி நிற்பதை, கவனிப்பவர் எவரும் உணரலாம்.

அன்பார்ந்த வாசகர்களே, தவக்காலம் வந்ததும் எதை விட்டுவிடுவது என்று நாம் பட்டியல் இடுகிறோம். இறைச்சியை விடுகிறோம், இனிப்பை விடுகிறோம், சிலர் தொலைக்காட்சித் தொடர்களையும் விடுகிறோம். நன்று. ஆயினும் நம் கையில் வந்து விழுந்தும் நாம் பெற்றுக்கொள்ளாமல் விட்டவை எவை என்றும் ஒரு பட்டியல் இட்டுப் பார்த்ததுண்டா? வீட்டுப் படலையைத் திறந்து அரை மணி நேரம் நடந்தால் கிடைக்கும் ஒரு மகிழ்ச்சியைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

வேலியோரத்துத் திருவிழா

ஒரு மாலை ஐந்தரை மணிக்கு உங்கள் ஒழுங்கையில் இறங்கி நடந்து பாருங்கள். மதில்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் கிளுவை வேலியும் பூவரசங் கதியாலும் எங்கேனும் எஞ்சியிருக்கும். இலையுதிர்த்து நின்ற முள்முருக்குச் செந்நிறப் பூங்கொத்துகளை ஏந்தி நிற்கும். அதில் மைனாக்களும் தேன்சிட்டுகளும் அணில்களும் போட்டியிட்டுத் தேனருந்தும். மாமரங்கள் பூத்துச் சில கிளைகளில் கடுகளவு பிஞ்சும் பிடித்திருக்கும். வேம்பு பழைய இலைகளைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத் தளிர் விடும். பங்குனி நடுவில் அது பூத்துவிட்டால், மாலைக் காற்றில் ஒழுங்கை முழுவதும் அதன் மணம் பரவும்.

பூவரசிலையைச் சுருட்டி ஊதும் பீப்பீயை உங்கள் பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் தந்தை உங்களுக்குச் செய்து கொடுத்திருப்பார். அந்த அறிவு ஒரு தலைமுறையோடு நின்றுபோக நாம் காரணமாகலாமா?

சற்று அப்பால் சென்றால் வயல்வெளி வரும். காலபோக நெல் அறுவடையாகி ஒட்டுத்தாள் நிற்கும். அதில் மாடுகள் மேயும். மாடுகளின் பின்னே வெண்கொக்குகள் நடக்கும். தோட்டங்களில் வெங்காயத்தின் பச்சைத் தாள்கள் காற்றில் அசையும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் இது. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறைகளின் வெடிப்புகளினூடே இறங்கித் தங்குவதாலேயே நம் கிணறுகளில் நீர் ஊறுகிறது. கோடை முற்றுமுன் இப்போது ஒரு கிணற்றை எட்டிப் பாருங்கள். கார்த்திகையில் பெய்த மழை அங்கே உங்கள் முகத்தைக் காட்டும்.

இவற்றுக்கிடையே, மாலை ஆறு மணியை அண்டிய வேளையில், எங்கோ ஒரு புதருக்குள்ளிருந்து இரு சுரமாய் ஒரு தெளிந்த சீழ்க்கையொலி எழும். அதுவே ஆறுமணிக் குருவி. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் நம்மவர் அதற்கு இட்ட பெயர் அது. பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் வயிறு, கண்ணைச் சுற்றிக் கருங்கோடு, தோளில் ஒரு நீலத்துண்டு, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறங்களை அணிந்திருந்தும் அது தரையிலேயே தத்தித் திரிந்து, சருகைக் கிளறிப் புழுபூச்சி தேடி உண்ணும். இமயமலை அடிவாரங்களிலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, இரவுகளில் பறந்து, கடல் கடந்து, மழைக்காலத்தின் தொடக்கத்தில் நம் வளவுகளுக்கு வந்து சேர்கிறது. சித்திரை வந்ததும் திரும்பிப் போய்விடுகிறது.

அது குரல் கொடுக்கும் அதே வேளையில்தான் நம் ஆலயங்களில் மூவேளைச் செபத்துக்கான அந்தி மணியும் ஒலிக்கிறது. இரண்டையும் ஒருசேரக் கேட்கும் பேறு நமக்கு ஆண்டில் சில மாதங்களே வாய்க்கிறது. அதை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அடைபட்டிருந்த பாதைகள்

இளையோருக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். மூத்தோர் அறிவர். இந்த மண்ணில் மாலை நடை என்பது ஒரு காலத்தில் எண்ணிப் பார்க்கவும் முடியாததாய் இருந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் ஆண்டுகளில், பொழுது சாயுமுன் வீட்டுக்குள் ஒடுங்கிய மாலைகள் எத்தனை! ஊரடங்குச் சட்டம், கண்ணிவெடி, உயர் பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பி ஆகியன நம் கால்களுக்கு எல்லை வகுத்தன. வயலுக்குள் இறங்கப் பயந்தோம். பனங்கூடலுக்குள் நுழையப் பயந்தோம். வானத்தை நிமிர்ந்து பார்த்தாலும் அது குருவி பார்ப்பதற்காக இருந்ததில்லை.

இன்று பாதைகள் பெரிதும் திறந்துவிட்டன. (கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டப்பட்ட இடங்களில் மட்டும் எவரும் பாதையை விட்டு இறங்கலாகாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.) ஆனால் பாதை திறந்தபோது நாம் கதவைச் சாத்திக்கொண்டோம் போலும். நான்கு பேர் உள்ள வீட்டில் நான்கு கைத்தொலைபேசிகள் நான்கு மூலைகளில் ஒளிர்கின்றன. அன்று அச்சம் நம்மை உள்ளே இருத்தியது. இன்று எவரும் தடுக்காமலே நாம் உள்ளே இருக்கிறோம்.

இதைப் பிறரைக் குறைகூறும் நோக்கில் நான் எழுதவில்லை. என் சொந்தக் குறையையே சொல்ல வந்தேன்.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது என் தந்தையாரும் எங்களை அழைத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார். மழையில், இருளில், பல்லாயிரக்கணக்கானோருடன் நடந்த அந்த நடைக்குப் பின்னர், பல ஆண்டுகள் அவர் நடப்பதையே வெறுத்தார். ஊர் திரும்பிய பிறகும் மாலையில் படலையடியில் நின்று ஒழுங்கையைப் பார்ப்பாரேயன்றி அப்பால் போகமாட்டார். போர் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், ஒருநாள் தாமாகவே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அன்று முதல் மாலைதோறும் வயல்கரை மதகுவரை நடப்பது அவருக்கு வழக்கமாயிற்று.

புறப்படும்போது என்னையும் அழைப்பார். "வாவன் தம்பி, மதகடி மட்டும் போட்டு வருவம். அந்த ஆறுமணிக் குருவி இப்ப கத்துற நேரம்."

"நாளைக்குப் பாப்பம் ஐயா, கொஞ்சம் வேலை கிடக்கு" என்பேன். வேலை இருந்தது உண்மையே. ஆனால் அந்த 'நாளை' மூன்று ஆண்டுகள் நீண்டது.

ஒரு மாசி மாத இறுதியில் ஐயா இறைவனடி சேர்ந்தார். 31ஆம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்த மாலை, வீட்டில் இருப்புக்கொள்ளாமல், ஏழு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மதகுவரை நடந்தேன். வெங்காயத்துக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை வைத்துவிட்டு அருகில் வந்தார். "ஐயா ஒவ்வொரு நாளும் இதிலதான் இருக்கிறவர். குருவி போறதுக்கு முந்தி மகனுக்கும் ஒருக்காக் காட்டவேணும் எண்டு சொல்லுறவர்" என்றார்.

ஆலய மணி அடித்தது. மகளும் நானும் காத்திருந்தோம். குருவியின் குரல் கேட்கவில்லை. பங்குனி முடியும் தறுவாய். அது புறப்பட்டுப் போயிருந்தது.

அன்பானவர்களே, பருவங்கள் மீண்டும் வரும். அடுத்த மாரியில் அக்குருவி வந்தது. மகளும் நானும் அந்த மதகில் இருந்து அதன் குரலைக் கேட்டோம். ஆயினும் எனக்குக் காட்ட விரும்பியவர் அருகில் இல்லை. உங்கள் வீட்டில் உங்களை நடக்க அழைக்கும் ஒருவர் இன்று இருப்பாராயின், அவர் முதியவராயினும் குழந்தையாயினும், அந்த அழைப்பை நாளைக்குத் தள்ளாதீர்கள். இந்த ஒரு வேண்டுகோளுக்காகவே இவ்வளவும் எழுதினேன்.

நடந்து போதித்த ஆண்டவர்

நற்செய்தியை ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் கவனிப்பர். நம் ஆண்டவர் நடந்துகொண்டே போதித்தார். வழியில் கண்டவற்றையே உவமைகளாக்கினார். விதைப்பவன், கடுகு விதை, கோதுமை வயல், அத்திமரம் தளிர்ப்பதால் அறியப்படும் பருவமாற்றம் ஆகிய யாவும் வழிநடையில் காணக்கூடிய காட்சிகள். வானத்துப் பறவைகளையும் காட்டுமலர்களையும் உற்றுநோக்குமாறு அவர் தம் சீடருக்குக் கூறியது மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதனை நாம் பெரும்பாலும் கவலையை நீக்கும் அறிவுரையாக மட்டுமே வாசிக்கிறோம். ஆனால் கவலை நீங்குவதற்கு அவர் காட்டிய வழியின் முதற்படி, வெளியே சென்று பார்ப்பதாகும்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் படைப்புகளின் பாடலைத் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில், ஏறக்குறைய 1225ஆம் ஆண்டில், சான் தமியானோவில் நோயுற்றிருந்த வேளையில் இயற்றினார். அப்போது அவர் கண்கள் வெளிச்சத்தைத் தாங்க இயலாத அளவுக்குப் பழுதடைந்திருந்தன. கதிரவனைச் சகோதரன் என அழைத்துப் போற்றியவர், கதிரவனைக் காண இயலாதிருந்தவர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலுக்கு அப்பாடலின் சொற்களையே பெயராக வைத்தார். குறைவானவற்றோடு நிறைவாய் வாழப் பழகுவதும், உணவுக்கு முன்னும் பின்னும் நன்றி கூறும் வழக்கத்தை மீட்டெடுப்பதும் அம்மடலின் வேண்டுகோள்களுள் அடங்கும்.

முற்றத்தில் காத்திருக்கும் மகிழ்ச்சிகள்

நடந்து வந்தவர்களை வரவேற்க ஒரு வீடு வேண்டும். செலவில்லாத சில மகிழ்ச்சிகளை இப்பருவம் நம் வீட்டு முற்றத்திலேயே வைத்திருக்கிறது.

பாத்தியில் கிண்டிய பனங்கிழங்கை அவித்து, தும்பு நீக்கி, மிளகும் உப்பும் சேர்த்து இடித்து உண்ணும் காலம் இது. தவக்கால வெள்ளிக்கிழமையில் இறைச்சி இல்லை என்று முகம் சுருக்கும் பிள்ளைகளுக்கு ஒடியற்கூழ் காய்ச்சிக் கொடுங்கள். மீன், நண்டு, இறால், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை என வீட்டில் உள்ளவை யாவும் ஒரே பானையில் சேரும். கூழ் தனியொருவருக்காகக் காய்ச்சப்படுவதில்லை. அயலையும் அழைத்து, பனையோலையில் பிளா கோலி, முற்றத்து மரநிழலில் வட்டமாய் இருந்து குடிக்கும்போதே அதன் சுவை நிறைவு பெறுகிறது. அவ்வேளையில் கைத்தொலைபேசியைப் பிடிக்க எவருக்கும் கை இராது என்பது இன்னொரு நன்மை!

வேம்பு பூத்ததும் மரத்தின் கீழ் ஒரு பழைய சேலையை விரித்து வையுங்கள். காலையில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பிள்ளைகள் சேர்க்கட்டும். உழுந்து, செத்தல் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றோடு சேர்த்துத் தட்டி வெயிலில் காயவைத்தால் வேப்பம்பூ வடகம் ஆகும். மாரிகாலச் சோற்றுக்குப் பக்கத்தில் அதைப் பொரித்து வைக்கும்போது, பங்குனி வெயிலை ஒரு போத்தலில் அடைத்து வைத்திருந்தது போல இருக்கும். எங்கள் அம்மாவின் போத்தல் இன்றும் அடுக்களைத் தட்டில் உண்டு.

குருத்து ஞாயிறு நெருங்குகையில் குருத்தோலையில் சிலுவை பின்னக் கற்றுக்கொடுங்கள். பேத்தியின் விரலைப் பிடித்து மடிப்பைக் காட்டும் பாட்டியின் முகத்தை அப்போது ஒருகணம் பாருங்கள்.

வளவைப் பெருக்கும்போது ஒரு மூலையில் சருகை எரிக்காமல் விட்டுவையுங்கள். ஆறுமணிக் குருவிக்கும் புலுனிக் கூட்டத்துக்கும் அதுவே உணவுக்களம். வெயில் ஏற ஏறக் குளங்கள் வற்றும். ஒரு மண்சட்டியில் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள். நுளம்பு பெருகாதபடி நாள்தோறும் அதை ஊற்றிவிட்டுக் கழுவி நிரப்புங்கள். அந்தப் பொறுப்பை வீட்டின் இளைய பிள்ளையிடம் ஒப்படையுங்கள்.

இரவில், மின்விளக்கை அணைத்துவிட்டு முற்றத்தில் பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். நிலவின் வளர்ச்சியைக் கவனிப்பது இந்நாட்களில் தனிப் பொருளுடையது. மார்ச் 21இலோ அதன் பின்னரோ வரும் முதற் பூரணையை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு எனத் திருச்சபை கணிக்கிறது. எனவேதான் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே மாறிமாறி வருகிறது. பெரிய வியாழன் இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது, வானில் நிறைநிலவோ அதற்கு அண்மிய நிலவோ இருப்பதன் காரணம் இதுவே. கெத்சமனித் தோட்டத்து ஒலிவ மரங்களின் மீதும் அத்தகைய நிலவே காய்ந்திருக்கும் எனப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாட்காட்டியில் பார்த்து அறிந்த திருநாள் அவர்களுக்கு வானத்தில் எழுதப்பட்ட திருநாளாக மாறும்.

உங்கள் ஊரிலும்

குடாநாட்டை வைத்தே இவ்வளவும் சொன்னேன். ஏனெனில் என் கால்கள் அறிந்த நிலம் அது. மன்னாரில் வாழ்வோர் வங்காலைப் பக்கம் சென்று பார்க்கலாம். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்ட அந்நீர்ப்பரப்பில் பூநாரைகளையும், வட ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளையும் அவை திரும்பிச் செல்லுமுன் காணலாம். மட்டக்களப்பினர்க்கு வாவிக்கரை உண்டு. மலையகத்தார்க்குப் பனி விலகும் காலையில் தேயிலை மலைகளின் ஒற்றையடிப் பாதைகள் உண்டு. கொழும்பில் அடுக்குமாடியில் குடியிருப்போரும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, தவக்காலம் முடியும்வரை நாள்தோறும் அதன் தளிரைப் பார்த்து வரலாம். குயில் தலைநகரிலும் கூவுகிறது.

நிறைவாக, உயிர்த்த ஞாயிறன்று எருசலேமிலிருந்து எம்மாவுக்கு நடந்த அவ்விரு சீடர்களை நினைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 11 கிலோமீற்றர் தூரம். அதுவும் இதே பருவம்தான். துயரத்தைப் பேசிக்கொண்டே அவர்கள் நடந்தார்கள். மூன்றாம் ஒருவர் வந்து சேர்ந்து நடந்தார். வழியெல்லாம் அவரை அவர்கள் அறியவில்லை. பொழுது சாய்ந்ததால் வீட்டுக்குள் வந்து தங்குமாறு அவரை வற்புறுத்தினார்கள். அங்கே, அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த அந்த எளிய வேளையில் அவர்கள் கண்கள் திறந்தன. ஒன்றாய் ஒரு நடை, பின்பு வீட்டில் ஒன்றாய் ஓர் உணவு. உயிர்த்த ஆண்டவர் தம்மை வெளிப்படுத்த இவையே அன்று போதுமானவையாய் இருந்தன.

இன்று ஞாயிறு. மாலை ஐந்தரை மணிக்குக் கைத்தொலைபேசிகளை மேசையில் வைத்துவிட்டு, வீட்டில் உள்ள அனைவரும் படலையைத் திறந்து புறப்படுங்கள். வேகமாய் நடக்க வேண்டா. முதியவரின் காலடிக்கு ஏற்ப நடவுங்கள். ஆறு மணிக்கு எங்கேனும் ஒரு மதகிலோ மரத்தடியிலோ அமர்ந்து, மணியோசை கேட்டதும் மூவேளைச் செபத்தைச் சொல்லுங்கள். செபம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், சற்று நேரம் காது கொடுத்திருங்கள். சித்திரைக்கு இன்னும் சில நாட்கள் உள்ளன; குருவி இன்னும் போகவில்லை.